மலைச்சரிவில் ஒரு பிடி புல்விதை



மாத்தளை நகரிலிருந்து வடமேற்காக பஸ் ஏறினால், வளைந்து வளைந்து செல்லும் பாதையின் ஓரிடத்தில் எங்கள் ஊர் வரும். யட்டவத்த என்று பெயர். சிங்களத்தில் ‘யட்ட’ என்றால் கீழே. ‘வத்த’ என்றால் தோட்டம். மேலே குன்றுகள், கீழே வயல். இரண்டுக்கும் நடுவில் மிளகுக்கொடி, கொக்கோ, கோப்பி, பலா, தென்னை என்று ஒன்றுக்குள் ஒன்று வளர்ந்து கிடக்கும் வீட்டுத் தோட்டங்கள். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்த ஊரைப் பற்றி எழுதப் புகுந்தால் எவரும் மிளகைப் பற்றித்தான் எழுதுவார்கள். நான் புல்லைப் பற்றி எழுதப் போகிறேன். “ஓதிக் கொடுக்கும் மௌலவிக்குப் புல்லோடு என்ன வேலை?” என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. மூன்று வருடங்களுக்கு முன்னால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். நான் செய்த ஒரு தவறும், என் வீட்டார் அதைத் திருத்திய விதமும்தான் இந்தக் கட்டுரை. படித்துவிட்டு உங்கள் வீட்டின் பின்புறத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தீர்களானால் எழுதியதன் பலன் கிடைத்துவிடும்.

நான் செய்த தவறு

எங்கள் வீட்டுக் குசினிக்குப் பின்னால் ஒரு சரிவு இருக்கிறது. பதினைந்து பேர்ச் அளவு வரும். அது முழுவதும் மானாப் புல். ஆள் இடுப்பளவு வளரும். இலையைக் கசக்கினால் எலுமிச்சை போன்ற ஒரு வாசனை வரும். மாடு கூட இளந்தளிராக இருந்தால்தான் வாய் வைக்கும். பயனில்லாத பற்றை என்பதே அதைப் பற்றிய என் எண்ணம்.

2022ஆம் ஆண்டு நம் நாடு பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, மாவின் விலையோ மலையேறி நின்றது. வீட்டுக்கு வீடு ஏதாவது நடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்துத் தோட்டம் செய்யச் சொன்ன காலம் அது. நானும் மரவள்ளி நடலாம் என்று தீர்மானித்தேன். அந்த ஆவணி வெயிலில் மானாவுக்குத் தீ வைத்தேன்.

பக்கத்து வளவில் ஒரு சிங்கள ஆச்சி இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டியவர். புகையைக் கண்டு வேலியருகே வந்தார். “மௌலவி மஹத்தயா, எரித்தது போகட்டும். வேரைக் கிளறிவிட வேண்டாம். அதுதான் இந்தக் கந்தையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது” என்றார். ‘கந்த’ என்றால் மலை. நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். மறுவாரம் கூலிக்கு ஆள் வைத்து, மண்வெட்டியால் அடிக்கட்டை முழுவதையும் தோண்டி எடுத்துவிட்டேன். ஏனென்றால் மானாவைத் தீ கொல்லாது. அடியிலிருந்து மீண்டும் தளிர்த்துவிடும். மரவள்ளிக்கு இடம் வேண்டுமே!

ஐப்பசி மழை வந்தது. குசினிக்குப் பின்னால் இருந்த கானுக்குள் செம்மண் இறங்கியது. முதல் நாள் ஒரு வாளி, அடுத்த நாள் மூன்று வாளி. மரவள்ளியைப் பிடுங்கிய போது இன்னும் மோசம். கிழங்கைத் தோண்டத் தோண்டச் சரிவு இளகிக்கொண்டே போனது. ஒரு சுபஹுக்குப் பிறகு என் மனைவி அடுப்படியில் நின்று சுவரைக் காட்டினார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குச் சேறு ஒட்டியிருந்தது. “கிழங்கு எத்தனை கிலோ கிடைத்தது?” என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

பிட்டவல பத்தனையில் ஒரு நாள்

2023 மாசி மாதத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பயணம் போனோம். மாத்தளைக்கு இறங்கி, இரத்தோட்டை வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஏறினோம். சிங்களவர்கள் இதைத் தும்பர மலை என்பார்கள். மத்திய மலைநாட்டின் மற்றப் பகுதிகளோடு சேர்த்து 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற மலைத்தொடர் இது. ரிவஸ்டனில் காற்று ஆளைத் தள்ளும். பர்தாவைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். அதைத் தாண்டி இலுக்கும்புர பக்கமாக இறங்கும் வழியில் பிட்டவல பத்தனை இருக்கிறது. ஊர்ப் பெயரைக் கவனியுங்கள்: ‘இலுக்’ ஒரு புல், ‘கும்புர’ என்றால் வயல். ‘பத்தனை’ என்றாலே மலைப் புல்வெளிதான். நம் முன்னோர் புல்லைப் பார்த்து ஊருக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், நாம்தான் பார்ப்பதில்லை!

பிட்டவல பத்தனை ஏறத்தாழ 10 ஹெக்டேயர் பரப்புள்ள புல்வெளி. அடியில் முழுவதும் சாய்ந்து கிடக்கும் ஒரே பாறைத் தட்டு. அதன் மேல் மெல்லியதாக மண், அந்த மண்ணில் குட்டையான புல். மரம் வேர் விட இடமில்லை. நக்கிள்ஸ் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறிய பாறைத் தவளையும் அங்கே வாழ்கிறது. விளிம்பில் நின்று கீழே பார்த்தால் தலை சுற்றும். ‘சின்ன உலக முடிவு’ என்று அந்த இடத்துக்குப் பெயர்.

என் சின்ன மகள் குனிந்து பாறையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “வாப்பா, இவ்வளவு சாய்வாக இருக்கிறதே, மழை பெய்தால் இந்த மண் ஏன் வழுக்கி விழவில்லை?”

அந்தக் கேள்விக்கு அவளே ஒரு புல்லை விரலால் இழுத்து விடை கண்டுகொண்டாள். அது வரவில்லை. எனக்கு ஆச்சியின் சொல் நினைவுக்கு வந்தது.

அங்கிருந்து ஒரு புல்லைக் கூடப் பிடுங்கி வரக் கூடாது, சகோதரிகளே. அது பாதுகாக்கப்பட்ட வனம். ஆனால் நாங்கள் எதையும் எடுக்காமல் வந்தோம் என்று சொல்ல முடியாது! வீட்டுக்கு வந்து பார்த்தால் என் மனைவியின் அபாயாவின் ஓரம் முழுவதும் துத்திரி விதைகள். தமிழில் ஒட்டுப்புல் என்போம். வழியில் நடந்த பாதையோரத்தில் ஒட்டியவை. ஒவ்வொன்றாகப் பிடுங்கியபடியே அவர் சொன்னார்: “இது கேட்காமலே ஊர் ஊராகப் போய் முளைக்கிறது. நாம் கேட்டு நட்டால் முளைக்காதா?”

இத்கிர் என்னும் புல்

அந்த இரவு கித்தாபைப் புரட்டும்போது ஒரு சம்பவத்தை மீண்டும் வாசித்தேன். அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்திலேயே தெரிந்த சம்பவம்தான். மக்கா வெற்றியின்போது நபி (ஸல்) அவர்கள் அந்தப் புனித எல்லைக்குள் செடி கொடிகளை வெட்டக் கூடாது என அறிவித்தார்கள். அப்போது அப்பாஸ் (ரலி) அவர்கள், இத்கிர் புல்லுக்கு மட்டும் விலக்குத் தரும்படி வேண்டினார்கள். கொல்லர்களுக்கும் வீடுகளுக்கும் கப்றுகளுக்கும் அது தேவைப்படுகிறது என்பது காரணம். நபியவர்களும் விலக்கு அளித்தார்கள். எத்தனை பெரிய நாள்! அந்த நாளிலும் ஒரு புல்லின் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது.

இத்கிர் என்பது வாசனையுள்ள ஒரு பாலைவனப் புல். தாவரவியலார் அதைச் சேர்த்திருக்கும் இனத்திலேயே நமது மானாவும் இருக்கிறது. நாம் கறிக்கு ரம்பையோடு போடும் ‘சேர’ என்ற எலுமிச்சைப் புல்லும், பெங்கிரி எண்ணெய் வடிக்கும் புல்லும் அதே இனம்தான். நான் தீ வைத்தது இத்கிரின் உறவுக்காரிக்கு! இருபது வருடமாக இந்தச் சம்பவத்தை மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்கு, குசினிக்குப் பின்னால் நின்ற புல்லைத் தெரியவில்லை.

முதல் முயற்சி தோற்றது

அந்த மாசி, பங்குனியில் ஊர்ப் பாதையோரங்களிலும், அனுமதி கேட்டு ஆச்சியின் வளவிலும் மானாக் கதிர்களை உருவிச் சேர்த்தோம். ஒரு சாக்கு நிறைந்தது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சித்திரை மழை தொடங்கியதும் சரிவில் கோடு கிழித்து, விதையைப் போட்டு, இரண்டு அங்குல மண்ணால் மூடினேன்.

ஒரு மாதம் காத்திருந்தோம். களைதான் முளைத்தது. மானா ஒன்று கூட இல்லை.

என் மனைவி மண்ணைக் கிளறிப் பார்த்தார். “பயறா நட்டீங்க, இவ்வளவு ஆழத்துல?” என்றார். பிறகு சாக்கில் மிஞ்சியிருந்ததை ஒரு சுளகில் கொட்டி, அரிசி புடைப்பது போலப் புடைத்தார். காற்றோடு முக்கால்வாசி பறந்து போனது. சுளகின் அடியில் ஒரு சிரட்டை அளவு கூட இல்லை. நான் சாக்கு நிறையச் சேர்த்தது வெறும் உமி!

இதற்குக் காரணம் உண்டு. மானா போன்ற புற்களின் கதிரில் சிறு பூக்கள் இரண்டிரண்டாக இருக்கும். ஒன்று தண்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். மற்றது சிறு காம்பில் நிற்கும். ஒட்டி உட்கார்ந்திருப்பதில்தான் மணி பிடிக்கும். மற்றது பெரும்பாலும் வெறும் பதர். உட்கார்ந்திருப்பதிலும் எல்லாம் மணி பிடிப்பதில்லை.

பெண்கள் கண்டுபிடித்த முறை

அடுத்த வருடம், அதாவது 2024இல், வேலையை என் கையிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் செய்ததை உங்களுக்கும் பயன்படும் வகையில் சொல்கிறேன்.

முதலாவது, கதிர் நன்றாகக் காய்ந்து, கையால் உருவினால் தானாகக் கழன்று வரும்போதுதான் எடுக்க வேண்டும். பச்சையாக எடுத்தால் பலனில்லை. ஒரே பற்றையை மொட்டையடிக்காமல், பல பற்றைகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது நல்லது. மீதி பறவைக்கும் மண்ணுக்கும்.

இரண்டாவது, உதிர்த்ததை நிழலில் உலர்த்திச் சுளகில் புடைக்க வேண்டும். ஒரு விதையை எடுத்து விரல் நகத்துக்கு நடுவில் அழுத்திப் பாருங்கள். உள்ளே மணி இருந்தால் கடினமாகத் தட்டுப்படும். நசுங்கிப் போனால் அது உமி.

மூன்றாவது, உடனே விதைக்க அவசரப்படக் கூடாது. புல்விதைகளில் பல, புதிதாக இருக்கும்போது உறக்கத்தில் இருக்கும். சில மாதம் உலர்வாக வைத்திருந்தால் உறக்கம் கலையும். நாங்கள் சீத்தைத் துணியில் கட்டி, அடுப்புப் புகை படாத பரணில் ஆவணி முடியும் வரை வைத்தோம்.

நான்காவது, நேராகச் சரிவில் தூவாமல் நாற்று மேடையில் வளர்ப்பது. பாதி மணல், பாதி மக்கிய இலைமண். விதையை மேலே தூவி, மணலைச் சல்லடையால் மெல்லிய போர்வை போலச் சலித்துவிட வேண்டும். அரை விரற்கடை கூட வேண்டாம். தண்ணீரைக் கொட்டாமல், கையால் தெளிக்க வேண்டும். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகாமல் மேடையைச் சுற்றிச் சாம்பல் போட்டோம்.

பன்னிரண்டாம் நாள் மகள் ஓடி வந்தாள். ஊசி முனை அளவில் பச்சை தெரிந்தது. எண்ணிப் பார்த்தோம். மொத்தத்தில் முந்நூறு சொச்சம் நாற்றுகள்தான் தேறின. அவற்றை அடியில் துளையிட்ட யோகட் கோப்பைகளுக்கு மாற்றி, ஐப்பசியில் மழை நிதானமாகப் பிடித்ததும் சரிவில் நட்டோம். மேலிருந்து கீழாக அல்ல; சரிவுக்குக் குறுக்காக, ஒரு முழ இடைவெளியில், ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசையின் நாற்று வருமாறு. வெறும் மண் தெரியும் இடத்தில் காய்ந்த இலையைப் பரப்பினோம்.

விதை போதாத இடத்தில், ஆச்சி கொடுத்த பற்றைகளைப் பிரித்து நட்டோம். பற்றை சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. ஆனால் ஒரு பற்றையிலிருந்து பிரிந்தவை எல்லாம் ஒரே மாதிரி. விதையில் வந்தவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ஒன்று வெயிலைத் தாங்கும், இன்னொன்று ஈரத்தைத் தாங்கும். இரண்டும் கலந்திருப்பதே பாதுகாப்பு. மேல் விளிம்பில் ஒரு வரிசை வெட்டிவேரும் வைத்தோம். சிங்களத்தில் சவந்தரா. தோட்டத்தில் வளர்க்கும் வெட்டிவேர் முளைக்கக்கூடிய விதையைத் தருவதில்லை என்பதால் அதைப் பிரித்துத்தான் நட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: பாதையோரத்தில் உயரமாக, விரிந்த பூங்கதிரோடு நிற்பதெல்லாம் நம் புல் அல்ல. அதில் பெரும்பகுதி கினிப் புல். மாட்டுத் தீவனத்துக்காக 19ஆம் நூற்றாண்டில் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது. இன்று நாட்டுப் புல்லை அமுக்கிக்கொண்டு பரவுகிறது. காய்ந்தால் தீக்கு நல்ல விறகு. தெரியாமல் அதன் விதையைக் கொண்டுவந்து தூவிவிடாதீர்கள்.

கடலுக்கு அப்பாலும் இதே கதை

இது யட்டவத்தவின் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி இருந்தது. இரும்புக் கலப்பை வந்து அதைப் புரட்டிக் கோதுமையும் சோளமும் போட்டார்கள். 1930களில் மழை பொய்த்தபோது, பிடித்துவைக்க வேர் இல்லாத மண் புழுதிப் புயலாக எழுந்து வானத்தை மூடியது. இலட்சக்கணக்கான மக்கள் ஊரை விட்டுப் போனார்கள். அதே ஆண்டுகளில்தான், 1935ஆம் ஆண்டளவில், விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தார் மெடிசன் நகரில் ஒரு பழைய பண்ணை நிலத்தில் அந்த நாட்டுப் புற்களை மீண்டும் வளர்க்கத் தொடங்கினார்கள். அல்டோ லியோபோல்ட் என்ற இயற்கை அறிஞரும் அதில் பங்கெடுத்தார். இன்றும் அந்தப் புல்வெளி இருக்கிறது. இத்தனை பணமும் படிப்பும் இருந்தும், தொண்ணூறு வருடமாகியும், இன்னும் களையெடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்! உழுது புரட்ட ஒரு பகல் போதும்.

அங்கே புல்வெளியைக் காக்கச் சில காலங்களில் திட்டமிட்டுத் தீ வைப்பதுண்டு. அதைக் கேட்டு நம் பத்தனைகளுக்கும் தீ வைக்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். அது பெரும்பாலும் சமநிலம், நம்முடையது செங்குத்து. கோடையில் வருடா வருடம் எரித்த சரிவின் மேல், வேர் தேறுவதற்குள் நமது பெருமழை வந்து இறங்கிவிடும்.

நவம்பர் மழை

நட்ட முதல் வருடம் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. முழங்கால் உயரம் கூட வளரவில்லை. வந்தவர்கள் எல்லாம், “இதற்காகவா இவ்வளவு பாடு?” என்று கேட்டார்கள். ஒரு நாற்று செத்துப் போனபோது மகள் அதைத் தோண்டிக் கொண்டுவந்தாள். மேலே நான்கு விரல் இலை. கீழே அதைப் போல மூன்று மடங்கு வேர். புல் முதலில் கீழ்நோக்கித்தான் வளர்கிறது. கண்ணுக்குத் தெரிவது பிறகுதான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். எங்கள் மாத்தளை மாவட்டத்திலும் மலைகள் சரிந்தன. எச்சரிக்கை கேட்டதும் நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு, சமநிலத்தில் இருக்கும் ராத்தாவின் வீட்டுக்குப் போய்விட்டோம். ஆச்சியையும் கையைப் பிடித்துக் கூட்டிச் சென்றோம். நான்கு நாட்கள் உறக்கமில்லை.

திரும்பி வந்து பின்புறம் போய்ப் பார்த்தோம். சரிவின் இடது ஓரத்தில், நாற்று போதாமல் விட்டிருந்த துண்டு அப்படியே வழுக்கி இறங்கிக் கானை மூடிக் கிடந்தது. மானா நின்ற பகுதியில் புல்லெல்லாம் சாய்ந்து, சேறு பூசிப் படுத்திருந்தது. ஆனால் மண் இருந்த இடத்தில் இருந்தது. என் மனைவி ஒன்றும் பேசவில்லை. குனிந்து ஒரு பற்றையை நிமிர்த்திவிட்டார். ஆச்சி வேலியருகே நின்று, மூன்று வருடத்துக்கு முன்னால் நான் சிரித்தது போலவே சிரித்தார். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை.

இதைப் படித்துவிட்டுப் புல் இருந்தால் போதும் என்று எவரும் எண்ணக் கூடாது. புல் பிடிப்பது மேல் மண்ணைத்தான். மலையே ஆழத்திலிருந்து பெயர்ந்தால் எந்த வேரும் தடுக்காது. சுவரிலோ நிலத்திலோ புது வெடிப்பு, திடீரென்று சேற்றோடு கசியும் நீர், சாய்ந்து நிற்கும் மரம் ஆகியவற்றைக் கண்டால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவித்தலைக் கேளுங்கள். வெளியேறச் சொன்னால் உடனே வெளியேறுங்கள். சாமான் பிறகு.

சகோதரிகளே! இப்போது எங்கள் வீட்டுப் பரணில் சீத்தைத் துணியில் கட்டிய ஒரு பொட்டலம் தொங்குகிறது. சரிந்த அந்த இடது ஓரத்துக்கான விதை அது. இம்முறை கதிரை உருவியதும் புடைத்ததும் என் மகள்மார். சரிவுக்கு மேலே தண்ணீர் சுமப்பது மட்டுமே எனக்குத் தரப்பட்ட வேலை. உங்கள் ஊரின் சரிவில் எந்தப் புல் நிற்கிறது, அதற்கு என்ன பெயர் என்று உங்கள் வீட்டு மூத்தம்மாவிடமோ பக்கத்து ஆச்சியிடமோ இன்றைக்கே கேட்டு வையுங்கள். மண்வெட்டியை எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். நான் கேட்காமல் எடுத்தேன்.